முதலில் துக்கம், பிறகு கேள்வி

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஒரு தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானமாகக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது அதன் பிறகுதான். அந்தப் பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். மூளைச்சாவு என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு விளக்கியாக வேண்டும். வென்டிலேட்டர் போட்ட பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குகிறது. கையைத் தொட்டால் சூடு இருக்கிறது. மானிட்டரில் துடிப்பு ஓடுகிறது. உயிர் இருக்கிறது என்று தாய் நம்பினால், கண்ணால் காண்பதைத்தான் நம்புகிறாள். அவளிடம் பேசப் போகிறவர் சம்மதம் வாங்கும் எண்ணத்தோடு போகக் கூடாது. சாவைப் புரியவைத்து, குடும்பம் தானாக முடிவெடுக்க வழிவிடுவதே அவர் கடமை.

சட்டமே இதற்கு இடம் தருகிறது. 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே மூளைச்சாவை உறுதி செய்ய முடியும். உறுப்பு மாற்று அறுவை செய்யும் மருத்துவர்கள் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. அந்தச் சோதனையில் வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, மூச்சு தானாக வருகிறதா என்று பார்ப்பார்கள் என்பதை எளிய தமிழில் சொன்னால் எந்தத் தாய்க்கும் விளங்கும். இரண்டு சோதனைகளுக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளி குடும்பத்துக்குரியது. அழட்டும், உறவினருக்குச் சொல்லி அனுப்பட்டும். இறந்துவிட்டார் என்பது மனதில் இறங்கிய பிறகே, சிகிச்சை அளித்த மருத்துவரைத் தவிர்த்து, பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் தானம் பற்றிக் கேட்க வேண்டும். உறுப்பு தானத்தில் முன்னணியில் நிற்கும் ஸ்பெயினில், சட்டம் சம்மதத்தை முன்கூட்டியே அனுமானித்துக்கொண்டாலும், குடும்பத்தைக் கேட்காமல் எதுவும் நடப்பதில்லை. அங்கே வெற்றி தேடித் தந்தது, பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை மருத்துவமனைதோறும் அமர்த்திய ஏற்பாடு.

கல்வராயனில் இப்படிப் பொறுமையாகக் கேட்பதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. இங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக மூன்று ஜாகீர்தார்களின் கீழ் கூலியின்றி உழைத்தவர்கள். காகிதத்தில் கைநாட்டு வை என்று வெளியாள் சொன்னால் அவர்களுக்குப் பயம் வருவதில் வியப்பில்லை. சட்டம் நெருங்கிய உறவினரின் கையெழுத்தைத்தான் கேட்கிறது. குடும்பமோ தாய்மாமனும் பங்காளிகளும் ஊர்ப் பெரியவரும் வந்து சேராமல் எதையும் முடிவு செய்வதில்லை. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து அவர்கள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். உடல் குறைப்பட்டால் மறுபிறவியிலும் குறை வரும் என்று ஒருவர் அஞ்சினால், அந்த நம்பிக்கையோடு வாதாடத் தேவையில்லை. விபத்தில் இறந்தவர் என்றால் போஸ்ட்மார்ட்டம் எப்படியும் உண்டு. உறுப்புகளை எடுத்த பிறகு தைத்து, குளிப்பாட்டிக் கோடி போடும் நிலையில் உடலைத் தருவார்கள். இந்த உண்மையைச் சொல்லி முடிவை அவரிடமே விட்டுவிட வேண்டும்.

காத்திருந்தால் உறுப்புகள் கெட்டுப்போகும், உறுப்புக்குக் காத்திருக்கும் நோயாளி சாகிறாரே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவசரப்படுத்தி வாங்கிய ஒரு கையெழுத்து, ஏமாற்றிவிட்டார்கள் என்ற பேச்சாக மலையேறினால், அடுத்து வரும் குடும்பங்களும் மறுத்துவிடும். ஏழையின் உறுப்பு பணக்காரனுக்குத்தானே போகும் என்ற சந்தேகத்துக்கும் நேரான பதில் வேண்டும். உறுப்புகள் மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியல்படி ஒதுக்கப்படுகின்றன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்று சிகிச்சைக்கும் இடம் உண்டு. கொடுக்கும் குடும்பத்துக்குச் செலவில்லை, பணமும் கிடையாது. இரண்டையும் சொல்லிவிட வேண்டும். 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டபடி, தானம் செய்தவரின் உடலுக்கு அரசு மரியாதை உண்டு. அது கொடுத்தவருக்குச் செலுத்தும் நன்றி. தயங்குகிறவரைச் சம்மதிக்கவைக்க அதைக் காட்டக் கூடாது.

வேண்டாம் என்று சொன்ன குடும்பத்துக்கும் அதே கனிவோடு உடலை ஒப்படைத்து, ஊர் போய்ச் சேர வண்டி ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும். மலைமக்களின் பேச்சும் வழக்கமும் தெரிந்த ஆலோசகர்கள் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், இந்த மக்கள் சென்று சேரும் சேலம், விழுப்புரம் மருத்துவமனைகளுக்கும் தேவை. மறுக்கும் உரிமை உள்ளவர் மனமறிந்து கொடுப்பதுதான் தானம்.