தானே பாடும் நா

சிவமயம்



பாடவேண்டும் என்று ஒருவன் நினையாதிருக்கவும், ஒரு பாட்டின் ஓரடியோ ஈரடியோ அவனுள்ளத்தில் தானே எழுந்து சுழன்று சுழன்று வருதல் உண்டு. உண்ணும்போதும் வரும், நடக்கும்போதும் வரும், பூசையில் அமர்ந்து கண்ணை மூடினால் முன்னிலும் உரத்து வரும். போவென்றாற் போகாது. ஜெர்மானியர் இதற்குக் காதுப்புழு என்று பொருள்படும் பெயரிட்டு வழங்குகின்றனர். பின்லாந்து தேசத்தில் 12,000-க்கு மேற்பட்டோரை வினாவி ஆராய்ந்தவர்கள், பத்திலே ஏறக்குறைய ஒன்பதின்மர்க்கு வாரம் ஒருமுறையாயினும் இது நிகழ்கின்றதெனக் கண்டனர்.

புழு என்றவுடன் சைவராகிய நமக்கு வேறொரு புழு நினைவில் வருதல் வேண்டும். மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து ஒன்பதாஞ் சூத்திரத்தில், திருவைந்தெழுத்தை ஓதவேண்டுவது எற்றுக்கு என்பதற்குக் காரணங் கூறுமிடத்தே, வேம்பு தின்று பழகிய புழுவை உவமையாக வைத்தார். உயிர் ஞானத்தைக் கண்ட பின்னரும், பழக்கத்தினாலே தான் முன் நோக்கியதனையே திரும்பி நோக்கும். இதனையே வாதனை என்பர். பூசையினிடையே வந்து நுழையும் பாட்டு இந்த வாதனையே என்று அடியேன் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் முழுதும் சரியன்று என்பதைச் சென்ற மாசி மாதத்திலேதான் அறிந்தேன்.

ஒருநாள் காலை சிவபுராணம் ஓதிக்கொண்டிருக்கையில், காமன் கூத்தில் ரதி அழும் ஒப்பாரியின் இரண்டடி, தப்பின் அடியோடு கூட, என்னுள்ளே கிளம்பிற்று. வெட்கமுற்று ஓதலை உரக்கச் செய்தேன். அஃது இன்னும் உரக்க எழுந்தது. ஆறு நாள் இவ்வாறு கழிந்தது.

காமன் கூத்து இன்னதென அட்டன், நுவரெலியாப் பகுதியில் உள்ளார்க்கு நான் சொல்லவேண்டுவதில்லை. பிற இடத்து ஆசிரியர்க்காகச் சொல்கின்றேன். மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையன்று காமன் பொட்டலிலே கம்பம் நட்டு, தோட்டத்து மக்கள் இரவுதோறும் கூடிப் பாடியாடி, இறுதியில் சிவபெருமான் நெற்றிக்கண்ணால் மதனை எரித்ததையும், ரதி புலம்பியதையும், அவளுக்கு இரங்கி அவனை எழுப்பியதையும் நடித்துக் காட்டுவர். அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றாகிய திருக்குறுக்கையின் வரலாறே இது. ஆயினும் இளம் ஆசிரியனாயிருந்த காலத்தில் அடியேன் இதனைச் சமயமென்று ஒப்பினேனல்லேன். தப்பொலி பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆகாது என்றேன். கூத்துப் பார்க்கச் சென்றவரை மறுநாள் எழுப்பி நிறுத்தினேன். என் தந்தையார் இருபது வருஷம் ரதி வேஷம் கட்டியவர். அவரிடமும் சொன்னேன். அவர் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாசியில் வேஷம் கட்டவுமில்லை.

அவர் இறந்தபின் என் தாயார் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு லயத்து வாசலில் உட்காரும்போது முணுமுணுத்தது அந்த இரண்டடியே. அப்போது அஃது என் செவியில் விழுந்ததேயன்றி மனத்தில் தைக்கவில்லை. ஆறாம் நாளிரவு இவ்வளவும் ஒருங்கே நினைவுக்கு வந்தது. நாற்பது வருஷம் அழாதவன் அன்றழுதேன். மறுநாட் காலை சிவபுராணம் தடையின்றி ஓடிற்று. ஒப்பாரியும் நின்றுவிடவில்லை, ஆனால் அஃது என்னோடு போரிடவில்லை.

ஆகலின், தானே வரும் பாட்டெல்லாம் வேம்பென்று தள்ளுதல் தகாது. அது யாரை நினைவூட்ட வந்ததென்று கேட்டறிதல் வேண்டும். விளம்பரக்காரர் செவியில் ஏற்றிய பாட்டும் உண்டு. அதற்குப் பொருள் தேடி இளைக்கவேண்டா.

மாணிக்கவாசக சுவாமிகள் பாட்டின் இவ்வியல்பை நன்கறிந்தவர். திருவாசகத்திலே திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருப்பூவல்லி, திருச்சாழல், திருப்பொன்னூசல் என வரும் பகுதிகளைப் பாருங்கள். அம்மானை ஆடுதலும், சுண்ணம் இடித்தலும், பூக்கொய்தலும், ஊசலாடுதலும் மகளிருடைய தொழிலும் விளையாட்டுமன்றோ? கைவேலையோடு கூடி வாயில் ஊறிக் கிடந்த சந்தங்களை விலக்காமல், அவற்றுள்ளேயே சிவபெருமானை எழுந்தருளச் செய்தார். பூக்கொய்வார் பாட்டுக்கு அந்தப் பேறு கிடைத்ததாயின், கொழுந்து கொய்வார் பாட்டு என்ன குற்றஞ் செய்தது?

இனி, சுந்தரமூர்த்தி நாயனார் திருப்பாண்டிக்கொடுமுடியில் அருளிய நமச்சிவாயத் திருப்பதிகத்தை நினைமின். பழம்பஞ்சுரப் பண்ணில் அமைந்த அப்பதிகம் ஏழாந் திருமுறையில் உள்ளது. காவிரிக்கரையிலுள்ள அவ்வூர்க்கும், நம் முன்னோர் பலர் புறப்பட்டுவந்த சேலம், திருச்சிராப்பள்ளிச் சீமைகளுக்கும் நெடுந்தூரமில்லை. அங்கே நாயனார், மறவாதிருக்கும் வன்மை தமக்கு உண்டென்று பெருமை பேசினாரல்லர். தம் நெஞ்சு மறந்துபோயினும் தம் நாவானது பழக்கத்தால் அத்திருநாமத்தைத் தானே ஓதும் என்று பெருமானிடம் விண்ணப்பஞ் செய்தார். அக்கருத்தையே பாட்டுக்குப் பாட்டு ஈற்றில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பாடினமையும் கருதத்தக்கது. திரும்பி வருவதுதானே ஒட்டிக்கொள்ளும்?

திருநாவுக்கரசு நாயனாரும் முதற் பதிகத்திலேயே, தாம் தமிழிசைப் பாடலை மறந்ததில்லை என்கின்றார். பல்லாண்டு சமணத்திற் புகுந்து தருமசேனர் என்னும் பெயரோடிருந்தவர் இங்ஙனம் கூறுதல் எப்படிப் பொருந்தும் என்று மாணாக்கர் வினவுவர். பெரியோர் பலவாறு விடை கூறுவர். அடியேனுக்குத் தோன்றுவது இது: திருவாமூரில் சைவக் குடியிற் பிறந்து, தாய்தந்தையரை இழந்தபின் தமக்கையார் திலகவதியாரின் அன்பில் வளர்ந்தவர்க்கு, இளமையிற் செவியேறிய இசை உள்ளே ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் அதனை விட்டாலும் அஃது அவரை விட்டிலது. பின்பு கல்லோடு கட்டிக் கடலில் இட்டபோது ஏடு பார்த்துப் பாடினாரா?

நம் மலைநாட்டு மக்களுக்கும் ஏடு இருந்ததில்லை. 1820-ஆம் ஆண்டுகள் தொடங்கிக் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867-க்குப் பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவர்கள் பாட்டையே கொண்டுவந்தார்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச்சென்ற புகையிரதத்துக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வழங்கிற்று. பெட்டியில் வைக்க இடமில்லாததையும் நாவில் வைத்துக்கொண்டு போனார்கள். 1947-இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் இம்மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தது நாம் நன்றியோடு நினைக்கவேண்டிய தொண்டு. ஆசிரியராகிய நாம் அதில் எத்தனை பங்கு கொண்டோம்?

நம் வகுப்பறைக்கு வருவோம். சைவநெறிப் பாடத்தில் தேவாரத்தை எழுதிக்காட்டச் செய்கின்றோம். பாடியவர் யார், தலம் யாது, பண் யாது என்று கேட்டுப் புள்ளி இடுகின்றோம். பண்ணின் பெயரைச் சரியாக எழுதிய பிள்ளைக்கு அப்பண் எப்படியிருக்கும் என்பது தெரியாது. பரீட்சை முடிந்த மறுவாரம் அதுவும் போய்விடும். ஆனால் மார்கழிக் குளிரில் விடியுமுன் எழுந்து, பஜனைக் கூட்டத்தோடு லயம் லயமாகத் திருவெம்பாவை பாடிச் சென்ற பிள்ளைக்கு அஃது எழுபது வயதிலும் வரும். புள்ளியில்லை, ஆயினும் வரும். இவ்வேற்றுமையை எந்த உபாத்தியாயர் கண்டதில்லை?

இப்போது அடியேன் கொடுமுடிப் பதிகத்தை எழுத்தில் காட்டாமல் காலைதோறும் ஒரு பாட்டாகப் பாடிக் காட்டுகின்றேன். என் குரல் நல்ல குரலன்று. சென்ற வாரம் மதிய இடைவேளையில் நான்காம் வகுப்புச் சிறுமியொருத்தி, தண்ணீர்க் குழாயடியில் தட்டைக் கழுவிக்கொண்டே, யாரும் கேளாததுபோல் அதன் ஈற்றடியைப் பாடிக்கொண்டிருந்தாள். சுரம் சிறிது பிழைத்திருந்தது. திருத்தாமல் வந்துவிட்டேன்.

வரும் மாசியில் மாணாக்கரை அழைத்துக்கொண்டு காமன் பொட்டலுக்குச் செல்லக் கருதியிருக்கின்றேன். தந்தையார் பாடிய ஒப்பாரியில் எனக்கு நினைவிலிருப்பது அந்த இரண்டடியே. மேல் டிவிசனில் தப்பு அடிக்கும் முதியவர் ஒருவருக்கு அது முழுதும் தெரியும் என்கின்றனர்.

திருச்சிற்றம்பலம்.