சரமா கேட்ட கேள்வி

போன வாரம் கதை முடிஞ்சு பிரசாதம் கொடுக்கிற நேரத்துல ஓர் அம்மா வந்தாங்க. "சாமி, பக்கத்து வீட்டு பால்கனியில மூணு நாய். கழுவுறதே இல்லை. மூத்திரம் எங்க துளசி மாடம் வரைக்கும் வழியுது. விளக்கேத்தி உட்கார்ந்தா நாமாவளி வரல, குமட்டல்தான் வருது. பூர்வ ஜென்மப் பாவமா?"ன்னாங்க.

"அம்மா, அந்த நாய்களை எட்டிப் பார்த்தீங்களா?"ன்னு கேட்டேன். "இந்த நாத்தத்துல எங்க சாமி பார்க்கிறது, ஜன்னலையே சாத்திட்டேன்"னாங்க.

பின்னாடி சிரிக்கிறீங்க. நாம எல்லாரும் ஜன்னல் சாத்துறவங்கதான்.

நாயை விட மாட்டேன்னு தர்மபுத்திரர் நின்னாரே, அது பாரதத்தோட முடிவு. ஆரம்பத்துலயே ஒரு நாய் வருது. ஆதி பர்வம். குருக்ஷேத்திரத்துல ஜனமேஜயன் யாகம் பண்றான். தேவலோகத்து நாய் சரமாவோட குட்டி அந்தப் பக்கம் வந்துச்சு. ஹவிஸை நக்கலை, திரும்பிக்கூடப் பார்க்கலை. ராஜாவோட தம்பிங்க அடிச்சுட்டாங்க. அழுதுக்கிட்டே அம்மாகிட்ட ஓடுது. சரமா நேரா யாகசாலைக்கே வந்து கேட்டா: என் பிள்ளை என்ன தப்பு பண்ணினான்? ஒருத்தரும் வாய் திறக்கலை. அப்பதான் சாபம் விழுந்துச்சு. நல்லா கேட்டுக்குங்க, தப்பே பண்ணாத குட்டியை அடிச்சாங்களே, அதுக்கு!

தேய்பிறை அஷ்டமிக்கு பைரவருக்கு வடைமாலை சாத்துறோம். அவர் பக்கத்துல நிக்கிறது யாரு?

அந்த அம்மா போய்ப் பார்த்துட்டு நேத்து வந்தாங்க, கண்ணெல்லாம் கலங்கி. ஒரு முழச் சங்கிலியாம். மூத்திரம் போன இடத்துலயே படுக்கணும். பாதம் புண்ணு. காது மடல்ல உண்ணி, ஆமணக்கு விதை மாதிரி உப்பி நிக்குதாம். உங்களுக்கு விளக்கேத்துற நேரம் மட்டும்தான் நாத்தம். நம்மளவிட எத்தனையோ மடங்கு மோப்பம் உள்ள ஜீவன் ராத்திரி பகலா அதுலயே கிடக்கு! இப்ப சொல்லுங்க, பாவம் யாருது?

வீட்டுக்காரர் "என் நாய், என் பால்கனி"ன்னாராம். அப்படிச் சொன்னா விட்டுடாதீங்க. முதல்ல நல்லபடியா சொல்லுங்க, ஒரு வாளி தண்ணி, பினாயில் எடுத்துக்கிட்டுப் போய்ச் சொல்லுங்க. கேட்கலையா, புகார் கொடுங்க. சரமாவும் சபையில போய்க் கேட்டவதானே! கலாக்ஷேத்திரா ருக்மிணி தேவி ராஜ்யசபையில விடாம போராடினாங்க. 1960-ல பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்துச்சு. நாயை ஓயாம கட்டிப்போட்டு நடக்கவே விடாம வெச்சிருந்தா அந்தச் சட்டப்படி குத்தம். நாய் மூத்திரத்துலயும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். பிள்ளைங்க வெறுங்கால்ல ஓடுற இடம், அதையும் எழுதுங்க.

ஆனா முதல் வரியில உங்க மூக்கைப் பத்தி எழுதாதீங்க. சங்கிலி எத்தனை முழம்னு எழுதுங்க.

நாளைக்கு ஆறரைக்கு உதங்கர் சரித்திரம். பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க.