சேர்ந்தே கரையேறுவது

குளூம்ஹேவன் பெட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்தவருக்கு என் தொழில் உடனே விளங்கிவிடும். ஏறக்குறைய பத்து கிலோ கனம். ஐசக் சில்ட்ரஸ் என்ற அமெரிக்கர் வடிவமைத்து 2017இல் வெளிவந்த பலகை விளையாட்டு. நான்கு பேர் வரை ஒரே கட்சியாக ஆட வேண்டும். பகை எல்லாம் பலகையில் வரும் பூதங்களோடும் எலும்புக்கூடுகளோடும்தான், எதிரே உட்கார்ந்திருப்பவரோடு இல்லை. 95 களங்கள், 17 வகை நாயகர்கள், ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் சீட்டுகள். வாங்கிய பெட்டியில் அப்படியே போட்டு வைத்தால் ஒவ்வொரு முறையும் ஆடுவதைவிடத் தேடுவதே பெரிய வேலையாகிவிடும். அதனால் பெட்டிக்குள் பொருந்தும் தட்டுகளையும் அறைகளையும் கணினியில் வரைந்து த்ரீடி பிரிண்டரில் அச்சிட்டுக் கொடுக்கிறேன். முன்பு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு வரைபடம் போட்டவன். இப்போது கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளியில் வீட்டு முன்னறைதான் பட்டறை.

இந்த வேலையில் முதல் கோடு போடுமுன் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்: எது ஒருவருடையது, எது எல்லோருக்குமானது? சண்டைச் சீட்டுகள் அவரவர் கைக்குரியவை. 63க்கு 88 மில்லிமீட்டர் சீட்டு. உறை போட்டால் இன்னும் பெருக்கும். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் விட்டு, விரல் இறங்க அரைவட்டம் வெட்டினால் தட்டு தயார். ஆனால் நெருப்பு, பனி, காற்று, மண், ஒளி, இருள் என்று ஆறு வில்லைகள் இருக்கின்றன. ஒருவர் மூட்டிய நெருப்பை அடுத்தவர் எடுத்துப் பயன்படுத்தலாம். சமயத்தில் பூதமே எடுத்துக்கொள்ளும். அதை ஒருவர் தட்டில் அடைக்க முடியுமா? நடுவில் வைத்தாக வேண்டும். இப்படித் தனி, பொது என்று பிரித்துப் பிரித்து வரைகிறவனுக்கு வீடுபேற்றைப் பற்றிய கேள்வி வராமல் இருக்காது. கரையேறுவது தனியாகவா, சேர்ந்தா?

என் அம்மா நாமக்கல் கோட்டைக்காரர். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் ஆடி வளர்ந்தவர். பாம்பும் ஏணியும் போட்ட அந்தப் படத்தில் எனக்கு ஏணி கிடைத்தால் உங்களுக்கு ஒரு கட்டமும் கூடாது. உங்களைப் பாம்பு விழுங்கினால் நான் கை கொடுக்க வழியில்லை. வினையும் பலனும் அவரவர்க்கு என்ற பாடத்தைக் குழந்தைக்கும் புரியும்படி சொல்லும் ஆட்டம் அது. அதன் நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் முதலில் பரமபதம் சேர்ந்தவர் மேலே தனியாக உட்கார்ந்திருப்பதுதான் பேறு என்றால், அது எனக்கு வேண்டாம்.

மலையடிவாரத்தில் இருப்பதால் இந்தக் கேள்வியின் இரண்டு பக்கத்தையும் கண்ணால் பார்க்கிறேன். மேலே ஆகாய கங்கைப் பக்கம் கோரக்கர் குகையும் காலாங்கிநாதர் குகையும் இருக்கின்றன. சித்தர்கள் ஊரை விட்டு, உறவை விட்டு, தனியே போய் உட்கார்ந்த இடங்கள். கீழே எங்கள் ஊரிலோ ஆடிப் பெருக்குச் சமயத்தில் வேன் வேனாக ஜனம் வந்து இறங்கும். மலைமேல் நடக்கும் வள்ளல் ஓரி விழாவைப் பார்க்கவும், அங்கே கோயில் கொண்ட அறப்பளீஸ்வரரைக் கும்பிடவும் போகிறவர்கள். டிரைவர் பிரேக்கைப் பார்ப்பார், ஒரு டீ குடிப்பார்கள், பிறகு 70 கொண்டை ஊசி வளைவு. பாதி மலை ஏறுவதற்குள் யாராவது ஒரு பிள்ளைக்கு வயிற்றைப் புரட்டிவிடும். வண்டி நிற்கும். மொத்தக் குடும்பமும் இறங்கி நிற்கும். ஒருத்தர் தலையைப் பிடித்துக்கொள்வார், இன்னொருத்தர் தண்ணீர் கொடுப்பார். "மெதுவா வா கண்ணு, சாமி எங்கயும் போயிராது" என்று ஒரு பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பாட்டியின் பக்கம்தான் என் மனம் எப்போதும் சாய்கிறது.

சைவத்தில் அந்தப் பாட்டிக்குச் சாட்சி சொல்ல ஒருவர் இருக்கிறார். திருநல்லூர்ப் பெருமணத்தில், இன்றைய ஆச்சாள்புரத்தில், திருஞானசம்பந்தருக்குத் திருமணம். கோயிலில் சோதி தோன்றி வாசலும் திறந்தபோது, அவர் தாம் மட்டும் நுழைந்திருக்கலாம். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்வது வேறு. வந்தவர் எல்லோரையும் உள்ளே புகச் சொல்கிறார். அடியார்கள், சுற்றத்தார், பல்லக்குத் தூக்கி வந்தவர்கள், கும்பிட வந்தவர்கள் எல்லோரும் புகுகிறார்கள். எல்லோரும் போன பிறகே மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் புகுகிறார். பல்லக்குத் தூக்கியவருக்கு என்ன தகுதி என்று சேக்கிழார் கணக்குப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு வந்திருந்தார், அது போதும். வைணவத்திலும் இராமானுசர் கதை இதற்கு இணை. திருக்கோட்டியூர் நம்பி ரகசியமாகச் சொன்னதை ஊரறியச் சொன்னார். தான் நரகம் போனாலும் கேட்டவர்கள் பிழைக்கட்டும் என்று துணிந்தார். கோபித்த குருவே பிறகு அவரைத் தழுவிக்கொண்டார் என்பது குருபரம்பரை வழக்கு.

இதைச் சனிக்கிழமை இரவு ஆட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, மலைக்கு வண்டி ஓட்டும் தம்பி ஒருத்தன் சீட்டை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டான்: "சேர்ந்துதான் போகோணும்னா, ஒருத்தன் வரமாட்டேன்னு உக்காந்துட்டா மத்தவங்களும் உக்காந்துக்கறதுங்களாண்ணா?"

நியாயமான கேள்வி. சம்பந்தர் வாசலில் நின்றார் என்று சொல்லி இதைத் தாண்டிவிட முடியாது. வர மறுப்பவனுக்காக எல்லோரும் நின்றுவிட்டால் அதற்குப் பெயர் கருணையா, கட்டிப் போடுவதா? எனக்குக் கிடைத்த பதில் எங்கள் முன்னால் விரித்திருந்த ஆட்டத்தின் விதியிலேயே இருந்தது.

ஒவ்வொரு நாயகனுக்கும் தொடக்கத்திலேயே ஒரு சொந்தக் குறிக்கோள் சீட்டாகக் கிடைக்கும். அது நிறைவேறினால் அவன் ஓய்வு பெற்றாக வேண்டும். மற்றவர்கள் இன்னும் போராடிக்கொண்டிருந்தாலும் சரி, அவன் போகிறான், யாரும் தடுப்பதில்லை. ஆனால் போகும்போது அவன் வாங்கிய வாளும் கவசமும் ஊர்க்கடைக்குத் திரும்பிவிடும். அடுத்து வருகிறவர்கள் அவற்றை வாங்கலாம். ஊரின் வளம் ஒரு படி ஏறும். பூட்டிக் கிடந்த புதுப்பெட்டி ஒன்று திறந்து, இன்னொரு வகை நாயகன் வருவான். அவனுடைய பொன் மட்டும் யாருக்கும் இல்லாமல் போகும். அதைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க விதி இடம் தரவில்லை.

குகைச் சித்தர்களை இப்போதுதான் எனக்குச் சரியாகப் பார்க்கத் தெரிகிறது. தனியே போனார்கள், சரி. ஆனால் மூலிகையும் வைத்தியமும் அவர்கள் பெயரால் இன்றும் ஊருக்குள் புழங்குகின்றன. குகைக்குள் கண்டது குகைக்குள்ளேயே கிடக்கவில்லை. ஆகவே தனியாகப் போவதில் குற்றமில்லை. கண்டதைத் தன்னோடு கட்டிக்கொண்டு போவதுதான் எனக்கு ஒப்பவில்லை. அந்தத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். வரமாட்டேன் என்பவனை விட்டுவிட்டுப் போகலாம், ஆனால் வழியை அடைத்துவிட்டுப் போகக் கூடாது. அவன் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "வழி இருந்து என்னங்கண்ணா, கூட வர ஆள் வேணுமில்ல" என்றான். அதிலும் உண்மை இருக்கிறது. சம்பந்தர் வழியைக் காட்டிவிட்டு மட்டும் போகவில்லையே.

வரைபடத்தில் இதற்கு ஒரு விளைவு உண்டு. நாயகனின் பொம்மைக்கு அச்சு அசலாகப் பொருந்தும் குழியைத் தட்டில் வெட்டித் தரச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நாயகன் ஓய்வு பெற்ற மறுநாள் அந்தத் தட்டு வேறு யாருக்கும் ஆகாது. நான் 17 வகைக்கும் ஒரே அளவாக வரைகிறேன். போனவன் இடத்தில் வருகிறவன் சிரமமில்லாமல் உட்கார வேண்டும்.

காசுக்குத் தனி அறையும் தருவதில்லை. களம் முடிந்ததும் காசைப் பொன்னாகக் கணக்கிட்டு அவரவர் தாளில் பென்சிலால் எழுதுவதுதான் விதி. பொதுக் கிண்ணம் ஒன்று போதும். ஆனால் ஓய்வு பெறுகிறவனின் பொன் வீணாகப் போக வேண்டும் என்ற விதியோடு எனக்கு இன்னும் வழக்கு தீரவில்லை. ஊருக்குத் திரும்பும்போது கோயிலுக்குப் பத்துப் பொன் காணிக்கை தர ஆட்டத்தில் இடம் இருக்கிறது. தந்தவனுக்கு ஆசிச் சீட்டுகள், காணிக்கை சேரச் சேர ஊருக்கு வளம். ஓய்வு நெருங்கும் நாயகனை வைத்திருப்பவரிடம் நாங்கள் அதை நினைவுபடுத்துவோம். அந்த ஆசிச் சீட்டுகளுக்கான அறையைப் பொதுத் தட்டின் முன்வரிசையில், ஆறு வில்லைகளுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.