ஈமான் எங்கே தேய்கிறது?

ஐரோப்பாவில் மத நம்பிக்கை மங்கி வருகிறது என்பது புதுவை மக்களாகிய நமக்கு எங்கோ நடக்கும் சங்கதி அன்று. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. பிள்ளைகளும் பேரர்களும் பிரான்ஸில் வாழும் முஸ்லிம் குடும்பங்கள் இங்கே பல உண்டு.

அன்று பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபை புதுவைக்குப் பாதிரிமார்களை அனுப்பியது. இன்று பிரான்ஸில் பாதிரிமார் போதாமல், ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சென்றவர்கள் அங்கே ஊழியம் செய்கிறார்கள். 2019-20இல் அந்நாட்டு அரசின் புள்ளிவிவர நிலையம் நடத்திய ஆய்வில், 18 முதல் 59 வயது வரை உள்ளோரில் நூற்றுக்கு 51 பேர் தமக்கு மதமில்லை என்றனர்.

அடக்குமுறைதான் காரணமா? 1793இல் புரட்சிக்காரர்கள் நோத்ர்தாம் பேராலயத்தைப் ‘பகுத்தறிவின் கோயில்’ ஆக்கினார்கள். ஆனால் 1801இல் நெப்போலியன் போப்புடன் உடன்படிக்கை செய்தபின் திருச்சபை மீண்டும் தழைத்தது. திருச்சபை அரசரோடும் செல்வரோடும் சேர்ந்து நின்றதால் ஏழைகள் பலர் மனம் கசந்து விலகியதும் உண்மையே. எனினும் வாளுக்கு அழியாத நம்பிக்கை, வீட்டுக்குள்தான் ஓசையின்றித் தேய்ந்தது. பாட்டனார் வாரந்தோறும் ஆலயம் சென்றார், தகப்பனார் பண்டிகைக்குச் சென்றார், மகன் திருமணத்திற்கு மட்டும் சென்றான், பேரன் செல்லவேயில்லை.

நம்மோடு வாழும் கிறிஸ்தவ அன்பர்களை எள்ளுவதற்காக இதை எழுதவில்லை. நம்மை நாமே எடை போட்டுப் பார்க்கவே எழுதுகிறோம். அதே ஆய்வின்படி, கத்தோலிக்கப் பெற்றோரிடம் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 67 பேரும், முஸ்லிம் பெற்றோரிடம் வளர்ந்தவர்களில் 91 பேரும் பெற்றோரின் மார்க்கத்தில் நீடிக்கின்றனர். அல்ஹம்துலில்லாஹ்! ஆயினும் பூரித்துப் போவதற்கில்லை. கணக்கெடுப்பவர் கேட்கும் கேள்வி வேறு; கப்ரில் கேட்கப்படும் கேள்வி வேறு. ஐவேளைத் தொழுகை ஜும்ஆவாகவும், ஜும்ஆ பெருநாள் தொழுகையாகவும் நம் இல்லங்களில் சுருங்குமானால், அதற்கடுத்த படி எது?

பிரான்ஸிலுள்ள மகன் தொலைபேசியில் அழைத்தால் வேலையைக் கேட்கிறோம், சம்பளத்தைக் கேட்கிறோம், வீடு வாங்கியாயிற்றா என்கிறோம். மரணத் தறுவாயில் இருந்த நபி யஃகூப் (அலைஹிஸ்ஸலாம்) அவர்கள், தமக்குப் பின் யாரை வணங்குவீர்கள் என்றே தம் மக்களிடம் கேட்டதாகத் திருக்குர்ஆன் கூறுகிறது. அந்தக் கேள்வியை நாம் கடைசி நாள்வரை ஒத்திப்போட வேண்டாம். இன்றைய மஃரிபுக்குப் பின் நம் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்தே தொடங்குவோம்.

அல்லாஹ் நம் சந்ததியினரின் ஈமானைக் காத்தருள்வானாக! ஆமீன்.