விளையாட்டு என்னுஞ் சொல்

சென்ற திங்கள் ஓரூரில் யான் திருவிளையாடற் புராணம் விரித்துரைத்து முடித்தபொழுது, மகவையிழந்த அம்மையார் ஒருவர் அணுகி, “ஐயா, என் பிள்ளையைக் கொண்டுபோனதும் சுவாமிக்கு விளையாட்டுத்தானா?” என்று வினவினார். விடைகூற என் நா எழவில்லை. அவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

விளையாட்டு என்னுஞ் சொல் சிறுமகார் ஆடும் பந்து, கழங்கு முதலியவற்றிற்கும் இறைவன் செயற்கும் ஒப்ப வழங்குவது. தொல்காப்பியனார் உவகையின் நிலைக்களன் நான்கனுள் விளையாட்டினையும் ஒன்றாக வைத்தார். கெடவரல், பண்ணை என்னும் உரிச்சொற்களும் அப்பொருளன என்றார். விளை என்பது விழைவினைக் குறிக்கும் என்றும், விரும்பி ஆடுவது விளையாட்டு என்றும் சொல்லாராய்வார் கூறுப. ஆகலின், பிறர் ஏவலானன்றித் தன் விருப்பத்தான் நிகழ்தலும், வருத்தமின்றி எளிதின் முடிதலும் இச்சொற்கு உயிர்ப்பொருளாம்.

மணிவாசகப் பெருமான் அம்மானை, பொன்னூசல், பூவல்லி, உந்தி முதலிய மகளிர் ஆடல்களைத் திருவாசகத்துள் அன்பின் வழியாக்கினார். மெய்கண்ட சாத்திரம் 14-னுள் ஒன்றாகிய திருவுந்தியாரும் விளையாட்டின் பெயரையே மேற்கொண்டது. எனவே இச்சொல் சமயத்திற்கு இழுக்காவதன்று.

அற்றேல், ஆடுவோன் தன் களிப்பையே நாடுவான்; அடிபடுவது பந்தேயாம். உயிர்கள் அப்பந்தாயின் இறைவன் கருணையிலனாவானன்றோவெனின், அற்றன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் சுபக்கத்து முதற் சூத்திரத்தில், ஐந்தொழிலை முதல்வன் விளையாட்டென்றலும் பொருந்துமென உம்மை கொடுத்தோதினார். அவ்வளவில் அமையாது, உயிர்கட்குப் போகமும் வீடும் அளித்தலும் மலங்களைத் துடைத்தலும் அவற்றின் பயனென்றார். மல்லன் ஒருவன் பெருங்கல்லை விளையாட்டாகத் தூக்கினான் என்புழி, அச்சொல் செயலின் எளிமையைக் குறித்ததேயன்றிப் பயனின்மையைக் குறித்ததன்று. கல்லின்கீழ் அகப்பட்டானொருவனை மீட்டற்கு அவன் தூக்கினானாயின், விளையாட்டு மல்லனது, பயன் மீட்கப்பட்டவனது.

இனி, பரஞ்சோதி முனிவர் கூறிய 64 திருவிளையாடலுள் 61-ஆவது மண் சுமந்த படலம். வந்தி என்னும் முதியவளுக்குக் கூலியாளாய் வந்த பெருமான் பிட்டை உண்டு, மண்ணைச் சுமந்தும் கொட்டியும், பாடியும் உறங்கியும் விளையாடினான். பாண்டியன் பிரம்பால் அடித்தான். அடி அவன் திருமேனியிற் பட்டது. எல்லா உயிர்களின் மேலும் பட்டது. பந்தின்மேற் பட்ட அடி ஆடுவோன் மேற் படுதல் உலகியல் விளையாட்டில் இல்லை. இறைவன் ஆடலிலோ ஆடுவோனும் அடிபட்டான். உயிரினின்றும் பிரிவின்றி உடனாய் நிற்றலின் அங்ஙனமாயிற்று.

பிறப்பும் இறப்பும் வினைக்கு ஈடாக வருவன. சங்காரமும் பிறந்திறந்து இளைத்த உயிரின் இளைப்பொழித்தற்கென்பது சித்தாந்தத் துணிபு. ஆகவே விளையாட்டென்பது இறைவனுக்குச் செயலின் அருமையின்மையைச் சொல்லும் பெயரேயன்றி, நம் துன்பத்திற்கு இட்ட பெயரன்று. துயருற்றார் முன்சென்று “எல்லாம் அவன் விளையாட்டு” எனக் கூறுவோர் அச்சொல்லையும் அறியார். அவர் துயரையும் அறியார்.

அவ்வம்மையாரை மீண்டுங் காணும் பேறு கிடைப்பின் யான் கூறுவது இது: “அம்மா, உங்கள் பிள்ளை அவனுக்கு விளையாட்டுப் பொருளன்று. உங்கள்மேற் பட்ட அடி அவன்மேலும் பட்டது.”

திருச்சிற்றம்பலம்.