முறையிட முடியாதவர்க்கான நீதி

ஒரு மாணவர் மற்றொருவரைத் துன்புறுத்தினால், பாதிக்கப்பட்டவர் முறையிடுவார், நிர்வாகம் விசாரித்துத் தண்டிக்கும் என்னும் எதிர்பார்ப்பை நம்பியே பெரும்பாலான பள்ளிகளின் ஒழுங்குமுறை இயங்குகிறது. ஆனால் தன் பாலினத்தவர் மீதே காதலும் ஈர்ப்பும் கொள்வோரை இழிந்தவராகவோ நோயுற்றவராகவோ கருதும் மனப்போக்கு, அதாவது தன்பாலீர்ப்பு வெறுப்பு, வகுப்பறைக்குள் புகுந்துவிட்டால், இந்த ஏற்பாடு பெரிதும் பயனற்றுப்போகிறது. இங்கே முறையிடுவதே தன்னை வெளிப்படுத்திக்கொள்வதாகிவிடுகிறது, நடையையும் குரலையும் வைத்து 'ஒன்பது' என்று கேலிக்கு உள்ளாகும் பதின்ம வயதினர் அதைத் தலைமையாசிரியரிடம் கொண்டுசென்றால், "அது உண்மையா?" என்ற கேள்விக்கும் முகங்கொடுக்க நேரும். (அக்கேலிக்கு உள்ளாவோர் எல்லாரும் தன்பாலீர்ப்பாளரும் அல்லர், ஆண்மை குறித்த ஊரார் இலக்கணத்துக்குப் பொருந்தாத எவரும் அதற்கு இரையாகலாம்.) சாதியால் அவமதிக்கப்படும் குழந்தைக்கு, அந்த வலியைத் தானும் பட்டறிந்த ஒரு வீடேனும் பெரும்பாலும் உண்டு, இக்குழந்தைக்கோ வீடு பள்ளியைவிட அச்சமூட்டுவதாக இருக்கக்கூடும்.

எனவே, வந்த புகாரையெல்லாம் விசாரித்துவிட்டு, தானாக எதுவும் பேசாதிருக்கும் பள்ளி குற்றமற்றதா என்பதே இங்கு எழும் அறவினா. பாலியல்பு குடும்பத்தையும் சமய நம்பிக்கையையும் சார்ந்தது, பல நம்பிக்கையினரின் பிள்ளைகள் பயிலும் இடத்தில் ஆசிரியர் வாய்திறவாதிருப்பதே நடுநிலை என்பர் ஒரு சாரார். அரசு மனசாட்சிகளை வடிவமைக்கத் தொடங்கினால் அந்த அதிகாரம் எங்கே நிற்கும் என்ற அச்சம் நியாயமானதே. எனினும் மௌனம் என்ன செய்யும் என்பதைப் பிரிட்டன் கண்டிருக்கிறது. அங்கு 1988ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிப்பதை'த் தடைசெய்தது. அதன்கீழ் ஒருவர் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. ஆயினும் எது 'ஊக்குவிப்பு' என்று தெளிவில்லாததால், கண்ணெதிரே நடக்கும் வசையைத் தடுப்பதற்கே ஆசிரியர்கள் தயங்கினர். ஸ்காட்லாந்தில் 2000இலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003இலும் அப்பிரிவு நீக்கப்படும்வரை, வசை ஒலித்துக்கொண்டிருக்க அதற்கான மறுமொழி மட்டும் ஒலிக்காத வகுப்பறைகளில் ஒரு தலைமுறை பயின்றது. வசைபாடுவோர்க்குப் பேச்சுரிமையும் பெரியோர்க்கு வாய்ப்பூட்டும் இருக்கும் இடத்தை நடுநிலை என்பது பொருந்தாது.

தமிழ்நாட்டில் இவ்வினாவுக்கான விடையொன்று நீதிமன்றத்திலிருந்து வந்தது. காவல்துறைப் பாதுகாப்பு கோரிய இரு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த ஆணை, பெற்றோர்-ஆசிரியர் கழகங்கள் வழியே பெற்றோருக்குப் புரிதல் ஊட்டவும், இத்தகைய மாணவர்களை ஏற்கும் மனநல ஆலோசகர்களைப் பள்ளிகளில் அமர்த்தவும் வழிகாட்டியது. குழந்தை வாய்திறக்கும் முன்பே பெரியவர்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதே இதன் உட்கிடை. அதே ஆண்டு, திருநர் குழந்தைகளைப் பள்ளிகள் அரவணைப்பது குறித்துத் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு வெளியிட்ட ஆசிரியர் கையேடோ, எதிர்ப்பு எழுந்ததும் இணையதளத்திலிருந்து மறைந்தது. அதைக் கண்ட ஆசிரியர்கள் எந்தப் பாடத்தைக் கற்றிருப்பர் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஆசிரியர் தம் சமய நம்பிக்கையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எவரும் கோரவில்லை. "இங்கு எவரும் தம் இயல்புக்காக இழிவுபடுத்தப்படமாட்டார்" என்று அவர் கேட்கப்படாமலேயே சொல்ல வேண்டும் என்பதே கோரிக்கை. தண்டனையால் மட்டும் இது நிறைவேறாது. அந்த வசையைத் திரைப்பட நகைச்சுவையிலும் சொந்த வீட்டிலும் கற்றுக்கொண்டு வந்த பிள்ளையைப் பள்ளியைவிட்டு நீக்கினால், வசை வேறொரு பள்ளிக்கு இடம்பெயரும், அவ்வளவே.

இவற்றினும் கடினமானது, மாணவர் தம் ஈர்ப்பை ஆசிரியரிடம் நம்பிச் சொல்லும்போது அதைப் பெற்றோருக்கு அறிவிக்கலாமா என்பது. வளர்க்கும் பொறுப்பு பெற்றோருடையது, ஆகவே அறியும் உரிமையும் அவர்களுடையதே என்ற வாதம் வலுவானது. ஆனால் அச்செய்தியைக் கேட்டதும் பிள்ளையை அடிக்கும், படிப்பை நிறுத்தும், மருத்துவரிடம் கொண்டுபோய் 'மாற்ற' முயலும் குடும்பங்கள் உண்டு. மேற்சொன்ன ஆணை தடைசெய்த அத்தகைய சிகிச்சையைத் தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் தொழில்முறைத் தவறாக அறிவித்தது. எனவே, சொல்வதா, எப்போது சொல்வது என்பதை மாணவரே முடிவுசெய்ய விடுவது தகும். உயிருக்கே ஊறு நேரும் என்ற ஐயம் எழுந்தால் ஆசிரியர் மௌனம் காப்பது பிழையாகும். அப்போதும் வீட்டார் அறிய வேண்டியது பிள்ளை ஆபத்தில் இருக்கிறது என்பதையே அன்றி, அது யார் மீது ஈர்ப்புக் கொண்டிருக்கிறது என்பதை அன்று.