பிறவுயிரின் நோவும் அளவையும்

இன்பதுன்பங்களைத் துய்க்கும் உயிர் தானே அவற்றை அறியும் அறிவைச் சிவஞானசித்தியார் தன்வேதனைக் காட்சி என வகுக்கும். அங்ஙனமாயின், வாய்பேசா எலியின் முழங்கால் நோவைப் பிறர் அளத்தல் யாங்ஙனம்? மருந்தாராய்வோர் முன் நிற்கும் இவ்வினா அளவைநூல் பயில்வார்க்கும் உரியதேயாம்.

மூட்டுநோய் ஆராய்ச்சியில், எலியின் ஒரு முழங்கால் மூட்டினுள் அயோடோ அசிட்டேட்டு என்னும் உப்பை ஊசிவழிச் செலுத்துவர். அது குருத்தெலும்பின் உயிரணுக்களை மாய்க்கும். பின்னர், பின்கால் ஒவ்வொன்றன் கீழும் தனித்தனி எடைக்கருவி அமைந்த கூட்டில் அதனை நிறுத்துவர். நோவில்லாதது இருகாலிலும் ஒப்ப ஊன்றும். நோவுற்றது நல்ல காலிலேயே பாரத்தை மிகுதியும் இடும். ஈண்டு அளந்தது பாரமேயன்றி நோவன்று. பாரவேறுபாடு காரியவேது, நோவு அதனாற் கருதப்படுவது. மூட்டின் தளர்ச்சியாலும் அவ்வேறுபாடு வருமன்றோ எனின், நோவகற்றும் மருந்தளித்துப் பாரம் ஒப்பாகின்றதா என நோக்கி அவ்வையம் களைவர். நல்ல முறையே.

2010இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்து ஆராய்வோர் சுண்டெலியின் முகத்தையே ஏதுவாக்கினர். கண் இடுங்கல், மூக்குப் புடைத்தல், கன்னம் புடைத்தல், செவியும் மீசைமயிரும் நிலைமாறல் ஆகிய ஐந்திற்கும் 0 முதல் 2 வரை எண்ணிட்டனர். சில நாழிகை நிற்கும் நோவை அது நன்கு காட்டிற்று. நரம்பு ஊறுபட்டு நாட்பட்ட நோவுற்றவற்றின் முகத்திலோ குறி தோன்றிற்றில்லை. குறியின்மை நோவின்மைக்கு ஏதுவாகாது. அடியேன் முழங்காலும் பல்லாண்டாக நோவுடையதே. பாடங்கேட்கும் மாணாக்கர் ஒருவரும் அதனை என் முகத்திற் கண்டிலர்.

இனி அறவினாவுக்கு வருவாம். எலியின் நோவு நம் நோவோடு ஓரினத்தது எனக் கொண்டாலன்றி இவ்வாராய்ச்சியாற் பயனில்லை. ஓரினத்ததாயின், விலங்குதானே என்னும் சமாதானம் செல்லாது. இரண்டையும் ஒருங்கே கைக்கொள்ளல் மாறுகொளக் கூறலாம். 1959இல் இரசல், பர்ச்சு என்னும் ஆங்கில அறிஞர் இருவர், விலங்குக்கு ஈடாகப் பிறிதொன்றைக் கொள்ளல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பந் தணித்தல் என மூன்று நெறி வகுத்தனர். நோவையே ஆராயுமிடத்து மூன்றாவது முட்டுப்படுகின்றது; முற்றத் தணித்துவிடின் அளத்தற்குப் பொருள் யாது?

இயல்பாகவே மூட்டுநோயுற்ற வளர்ப்பு நாய்களை, அவை எழுதலும் நடத்தலும் ஓடலும் எங்ஙனம் என்று வளர்ப்போரிடம் வினாவி அளக்கும் முறையும் உண்டு. புதிதாக நோய் செய்யாமையின் அதுவே எமக்கு உடன்பாடு. எனினும், இதனை எழுதும் அடியேன் இன்று காலையும் முழங்கால் நோவுக்கு மருத்துவர் தந்த மாத்திரையை உட்கொண்டே ஏடு தொட்டேன். அதன்பொருட்டு எத்தனை எலிகள் காலூன்ற மாட்டாது நின்றன என ஒருநாளும் அவரை வினவியதில்லை.